நான்கு தொட்டி முள்ளங்கி

சம்பத்துக்கு முள்ளங்கி மட்டும் மூன்று வருடமாக வரவில்லை. கத்தரி வந்தது, வெண்டை வந்தது, தக்காளிகூட ஒரு கோடையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும் அளவுக்குக் காய்த்தது. முள்ளங்கி மட்டும் இலையாக வளர்ந்து, பிடுங்கிப் பார்த்தால் எலிவால் போல ஒரு வேரைக் காட்டிவிட்டுப் போகும்.

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், இருபத்துநான்கு வீடுகள் உள்ள அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் அவரும் மனைவி ஷோபனாவும் இருந்தார்கள். மகன் புனேயில். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் என்றாலும், இருபத்தாறு வயதில் ஆவடித் தொழிற்சாலையில் சேர்ந்து, குவார்ட்டர்ஸிலேயே குடும்பம் நடத்தி, ஓய்வுபெற்ற கையோடு இந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்தவர். முப்பத்துநான்கு வருடமும் ஒரே வேலை, தரப் பரிசோதனை. மேஜைக்கு வரும் பாகத்தை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பார். மயிரிழை அளவு பிசகியிருந்தாலும் சிவப்புப் பெயின்ட் வைத்து ஒதுக்கிவிடுவார். ஃபோர்மேன் வந்து நின்றாலும் சரி, மேலதிகாரி ஃபோனில் கூப்பிட்டாலும் சரி, ஒதுக்கியது ஒதுக்கியதுதான். பிறகு வேறு ஆள் அளந்து பார்ப்பான், சம்பத் சொன்னதே சரியாக இருக்கும். ஓய்வுபெற்ற நாளில் மைக் பிடித்த ஐந்து பேரும் இதைத்தான் பேசினார்கள். தப்பாக ஒன்றைக்கூட ஒதுக்காத மனுஷன் என்றார்கள். அந்த வார்த்தையை மாலையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அடுக்ககத்தில் குடியேறிய ஆறாவது மாதமே அவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் ஐ.டி.யில் வேலை செய்பவர்கள், காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறவர்கள். மோட்டார் போடுவது, தண்ணீர் லாரிக்குச் சொல்வது, வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவரைக் கண்டிப்பது எல்லாம் சம்பத் தலையில் விழுந்தது. அவருக்கும் அது பிடித்திருந்தது.

மாடித் தோட்டத்தையும் அவர் பரிசோதனைப் பிரிவு போலத்தான் நடத்தினார். நீல டிரம்மைப் படுக்கைவாட்டில் பாதியாக அறுத்து, அடியில் துளை போட்டு, முள்ளங்கிக்கென்றே நான்கு தொட்டிகள் செய்தார். வருடத்துக்கு ஒரு அறுபது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதினார். முதல் வருடம் பச்சைச் சாணத்தை நிறையக் கலந்துவிட்டார். இலை முழங்கால் உயரம் வந்தது, கிழங்கு இரண்டு மூன்றாகக் கிளை பிரிந்து முறுக்கிக்கொண்டது. விதையிலும் பாதிதான் முளைத்திருந்தது. அடுத்த வருடம் மண் இறுகிவிட்டது. மூன்றாம் வருடம் சல்லடையில் சலித்த செம்மண்ணும் ஆற்று மணலும் தேங்காய் நார்க்கழிவும் நன்றாக மக்கிய எருவும் சம அளவில் கலந்து, நாற்பத்தைந்து நாளில் விளையும் வெள்ளை நீள ரகம் வாங்கி, முளைக்காமல் போவதற்கும் சேர்த்து விதையை இரட்டிப்பாகப் போட்டார். எல்லாமே முளைத்துவிட்டன. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி நின்றன. அதில் ஒன்றைக்கூடப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. இரும்பை ஈவிரக்கமின்றி ஒதுக்கிய கைக்கு இரண்டு இலை விட்ட முளை கூசியது. நாற்பத்தைந்தாம் நாள் பிடுங்கினால் மறுபடியும் எலிவால்.

ஷோபனா கடையிலிருந்து வாங்கி வந்து சாம்பார் வைத்தாள்.

நான்காம் வருடம் மழை சற்றே ஓய்ந்த கார்த்திகையில், நவம்பர் 28-ஆம் தேதி, மூன்றாம் வருடத்துக் கலவையையே போட்டு, அதே ரகத்தை, அதே மாதிரி விதைத்தார். குறை மண்ணில் இல்லை, வானிலையில்தான் என்று முடிவு செய்திருந்தார். டிசம்பர் 12-ஆம் தேதி தங்கை மகள் கல்யாணத்துக்காக இருவரும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஐந்து நாள். மொட்டைமாடிச் சாவியை நாகம்மாவிடம் கொடுத்து, காலையில் ஒரு வேளை தண்ணீர் தெளித்துவிடச் சொன்னார்.

நாகம்மா அந்த அடுக்ககத்தில் நான்கு வருடமாக மாடிப்படி கூட்டி, வராந்தா துடைத்து வந்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், புருஷன் இல்லை. அதிகம் பேசமாட்டாள். பக்கத்துத் தெருக்களில் இன்னும் இரண்டு அடுக்ககங்களில் அதே வேலை பார்த்தாள். சம்பத் அவளிடம் குறை கண்டது கிடையாது. நிறை என்று எதையும் சொன்னதும் கிடையாது.

17-ஆம் தேதி காலை வந்து இறங்கியவர், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மாடிக்குப் போனார். நான்கு தொட்டியிலும் பாதிக்கு மேல் நாற்றைக் காணவில்லை. பச்சைக் கம்பளம் இருந்த இடத்தில் மண் தெரிந்தது. நடுநடுவே ஒவ்வொரு செடி தனித்தனியாக நின்றது.

கீழே வந்து வாசல் கேமராவில் ஓட்டிப் பார்த்தார். பதினான்காம் தேதி காலை ஒன்பதரைக்கு நாகம்மா வெளியே போகிறாள். கையில் மஞ்சள் பை, பையின் வாயில் முள்ளங்கிக் கீரை எட்டிப் பார்க்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, திரையைத் தன் ஃபோனில் படம் பிடித்தார். நாகம்மா அப்போது முதல் மாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டார்.

அவள் துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டுவிட்டு, இயல்பாகத்தான் பதில் சொன்னாள்.

"நெருக்கமா கெடந்திச்சி சார். கலைச்சி உட்டேன். இல்லாங்காட்டி கெயங்கு வராது. புடுங்குன கீரைய வீணாக்குவானேன்னு கொயம்பு வெக்க எட்த்துகினு போனேன்."

"யாரைக் கேட்டுப் பிடுங்கினே?"

"நீங்க ஊர்ல இல்ல சார். நாள் தாண்டிப்போச்சின்னா வேரு ஒன்னோட ஒன்னு பின்னிக்கும்."

திருடிவிட்டு வேளாண்மைப் பாடம் நடத்துகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. பிடிபட்டவர்கள் ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள், தொழிற்சாலையில் பாகம் கடைகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. ஃபோனை எடுத்து அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டார். கீழே, 'நம்பி மாடிச் சாவியைக் கொடுத்தால் நடப்பது இது' என்று எழுதினார்.

பத்து நிமிடத்தில் பதினைந்து பதில் வந்தது. ஒருவர் தன் வீட்டுச் செருப்பு காணாமல் போனதைச் சொன்னார். இன்னொருவர் போன தீபாவளிக்கு வைத்திருந்த அகல் விளக்குகளைச் சொன்னார். செயற்குழுவில் இருந்த மூன்று பேர் மாடிப்படியிலேயே நின்று பேசி, அவளை அன்றோடு நிறுத்திவிட முடிவெடுத்தார்கள். நாகம்மா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. சாவியைக் கேட்டபோது சம்பத் நீட்டிய கையில் வைக்காமல் படியில் வைத்தாள். வாளியும் துடைப்பமும் அவள் சொந்தமாக வாங்கியவை. அவற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் கேட்டை நெருங்கும்போது, சம்பத் மேலே இருந்து காவலாளியைக் கூப்பிட்டு, வாளியைப் பார்த்து அனுப்பச் சொன்னார். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. நாகம்மா வாளியைத் தரையில் வைத்து, உள்ளே இருந்த ஈரத்துணியைத் தானே எடுத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலை நோட்டில் எழுதினார்: 'டிச. 14. நாகம்மா ஏறக்குறைய பாதிக்கு மேல் பிடுங்கிவிட்டாள். திருட்டு.' மிச்சமிருந்த செடிகளுக்கு வேண்டாவெறுப்பாகத் தண்ணீர் ஊற்றிவந்தார்.

அந்தச் செடிகள்தான் வளர்ந்தன. முதல் வாரத்தில் இலை அகன்றது. அடுத்த வாரத்தில் மண்ணுக்கு மேலே வெள்ளைத் தோள் தெரிந்தது. விரல் பருமன், பிறகு மணிக்கட்டு பருமன். சம்பத் தினமும் இரண்டு தடவை மாடிக்குப் போய் வந்தார். ஜனவரி 10-ஆம் தேதி, நாற்பத்து மூன்றாம் நாள், முதல் தொட்டியில் ஒன்றைப் பிடித்து இழுத்தார். மண்ணை விட்டுத் தயக்கமில்லாமல் வந்தது. நேராக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். ஸ்கேல் வைத்து அளந்தார். பதிமூன்று அங்குலம். முதல் மூன்று தொட்டியிலும் சேர்த்து முப்பத்தொன்று எடுத்தார். நாலாவது தொட்டியைப் பொங்கலுக்கு எல்லார் முன்னாலும் பிடுங்கலாம் என்று விட்டுவைத்தார். படம் குழுவில் போனது, பாராட்டு குவிந்தது. ஷோபனா அன்று வைத்த சாம்பாரில் அவர் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாடி நிவேதிதா மாலையில் வந்தாள். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, அவளும் பால்கனியில் பை வைத்து முள்ளங்கி போட்டுத் தோற்றவள். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாற்றினீர்கள் அங்கிள் என்று கேட்டாள். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

அவள் போன பிறகு போன வருட நோட்டையும் இந்த வருட நோட்டையும் மேஜையில் அருகருகே விரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக விரல் வைத்து இறங்கினார். மண் கலவை ஒன்றே. விதை, அதே கடை, அதே ரகம். விதைத்த அளவு ஒன்றே. தண்ணீர் காலை ஒரு வேளை. வெயில் ஆறு மணி நேரம். மழை பெய்த நாட்கள்கூட ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வேறாக இருந்தது ஒரே வரி. டிச. 14-ஆம் தேதி வரி.

அந்த வரியை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தார். எழுந்துபோய், குப்பைக்குப் போகாமல் டப்பாவில் கிடந்த விதை உறையைத் தேடி எடுத்தார். பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு வாரத்தில் நாற்றைக் கலைத்து, செடிக்குச் செடி நான்கு அங்குலம் விடவும். நாகம்மா கை வைத்தது பதினாறாம் நாள். மாடிக்குப் போய்க் காலி தொட்டியில் குழி இருந்த இடங்களை ஸ்கேலால் அளந்தார். நான்கு, நாலேகால், நான்கு. அவள் கண்ணால் பார்த்தே விட்டிருந்தாள்.

தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார், அது நிற்கவில்லை. அவள்தான் சொன்னாளே. நெருக்கமாகக் கிடந்தது, கலைத்துவிட்டேன், இல்லாவிட்டால் கிழங்கு வராது. மூன்று வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த விடையை ஈரக் கையோடு நின்று ஒரே மூச்சில் சொன்னாள். அதற்கு அவர் கொடுத்த பதில், வாளியைப் பார்.

நாகம்மாவைத் தேடிப் போக வேண்டும் என்று நினைத்தார். பொங்கல் போகட்டும் என்றும் நினைத்தார். நிவேதிதாவைப் படியில் கண்டபோது வேறு பக்கம் திரும்பி மின் பெட்டியைப் பார்ப்பதுபோல் நின்றார்.

பொங்கலன்று காலை வண்டி நிறுத்துமிடத்தில் எல்லாரும் சேர்ந்து பொங்கல் வைத்தார்கள். கோலப் போட்டி முடிந்ததும், சம்பத் சார் முள்ளங்கியைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள். வாழையிலையில் முள்ளங்கிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே போய்ப் பிடுங்கிக் காட்டுவதை மட்டும் அவர் ஏதோ சாக்குச் சொல்லித் தவிர்த்திருந்தார். மண்ணைப் பற்றிப் பேசினார். மக்காத எரு போட்டால் கிளைக்கும் என்றார். விதையை நேரடியாகத்தான் ஊன்ற வேண்டும், பிடுங்கி நட்டால் வளைந்துவிடும் என்றார். ஈரம் ஏறி இறங்கினால் வெடிக்கும், நாள் தாண்டினால் உள்ளே பஞ்சாகி நெட்டி விழும் என்றார். எல்லாம் சரியான பேச்சுதான். முடித்து உட்காரப் போகும்போது நிவேதிதா எழுந்தாள்.

"இதெல்லாம் நானும் செஞ்சேன் அங்கிள். எனக்கு ஏன் வரலை?"

அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பத் வாயைத் திறந்தார். நாகம்மாதான் கலைத்தாள் என்று சொல்லிவிடலாம், இந்த இடத்தில் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. வாயிலிருந்து வந்தது வேறு.

"நெருக்கமா இருந்தா கிழங்கு வராதும்மா. பதினாறாம் நாள் நான் நாத்தைக் கலைச்சுவிட்டேன். நாலு அங்குல இடைவெளி. அதான் விஷயம்."

கை தட்டினார்கள். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஷோபனா தட்டவில்லை. மடியில் கிடந்த முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் அவர்கள் இருவரும் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்ததை அவளைத் தவிர அங்கே யாருக்கும் கணக்குப் பார்க்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள்.

"கலைச்சது நீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றினார். மாலையில் ஷோபனா சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடி, நாகம்மா இப்போது இங்கே எங்கும் வேலையில் இல்லை என்றாள். அந்தப் படம் மற்ற இரண்டு அடுக்ககங்களுக்கும் போய்விட்டதாம், அங்கேயும் நிறுத்திவிட்டார்களாம். காய்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். எப்போதிலிருந்து தெரியும் என்று சம்பத் கேட்டார். பத்து நாளாகத் தெரியும், உங்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று விட்டுவிட்டேன், எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பத் கிளம்பினார். வீட்டிலிருந்ததில் நல்லதாக ஆறு முள்ளங்கியைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார். வாசலில் ஷோபனா அந்தப் பையைக் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். அப்போதுதான் அவருக்கும் அதை நாகம்மாவிடம் நீட்டினால் எப்படி இருந்திருக்கும் என்று உறைத்தது.

ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது சந்து. நாகம்மா வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் நீல நிறக் கோட்டு ஒன்று காய்ந்தது, நெஞ்சுப் பக்கம் ஒரு கிடங்கின் பெயர் தைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலிலேயே போட்டாள். அவர் உட்காரவில்லை.

நான்கு வருடமாக அவளை நீ என்றே கூப்பிட்டவர். இன்று நீங்கள் என்று சொல்லப் பார்த்து நாக்கு புரளாமல் தடுமாறினார். முள்ளங்கி நன்றாக வந்தது, நீங்கள் கலைத்துவிட்டதால்தான் வந்தது, நீங்கள் செய்ததுதான் சரி என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"அது எனக்குத் தெரியும் சார்" என்றாள் நாகம்மா.

அதில் குத்தல் ஏதும் இல்லை. சின்ன வயதிலிருந்து கல்யாணம் ஆகிற வரை அவள் அப்பா பூந்தமல்லிப் பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் முள்ளங்கியும் கீரையும்தான் போட்டார்கள் என்று சொன்னாள். நெருக்கமாக நின்றால் கை தானாகப் போய்விடும் என்றாள். இப்போது சென்னீர்குப்பத்தில் ஒரு கிடங்கில் சாமான் கட்டும் வேலை. ஆவடி போய் பஸ் மாற வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும், கால் வீங்குகிறது என்று வேறு யாருடைய காலைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னாள்.

மன்னிக்க வேண்டும் என்றார் சம்பத். அவள் வாளியில் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தாள்.

"கீரைக்கு கூட நான் கவலப்படல சார். வாட்ச்மேனாண்ட வாளிய பாக்க சொன்னீங்களே, அத்ததான் தாங்க முடியல." துணியைக் கொடியில் போட்டு உதறினாள். "என்னாண்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? நீங்க போன்ல போட்டீங்க. எம்பொண்ணு க்ளாஸ்ல ஒரு புள்ள அத்த காட்டி, இது உங்கம்மாதானேன்னு கேட்டுகீது. அதுல போட்டீங்கள்ல, அதுலயே போடுங்க."

சரி என்றார். திரும்பி நடந்தார். 

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தார். 'ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது' என்று தொடங்கினார். படித்துப் பார்த்தால் யாருக்கு ஏற்பட்டது என்றே தெரியவில்லை. அழித்தார். 'நாகம்மா நல்ல எண்ணத்தில் செய்ததை' என்று எழுதினார். அதில் அவர் பெருந்தன்மை காட்டுவதுபோல் இருந்தது. அதையும் அழித்தார். டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. ஒதுக்கிய பாகத்துக்குக் காரணம் எழுதும் சீட்டில் எழுதுவதுபோல எழுதினால் என்ன என்று தோன்றியது. அப்படியே எழுதினார்.

'டிசம்பர் 17 அன்று நாகம்மா முள்ளங்கி நாற்றைத் திருடியதாக இங்கே படம் போட்டேன். அவர் திருடவில்லை. நெருக்கமாக இருந்ததைக் கலைத்துவிட்டார். அதனால்தான் முள்ளங்கி வந்தது. அன்றே அதை என்னிடம் சொன்னார், நான் நம்பவில்லை. வாளியைச் சோதிக்கச் சொன்னதும் நான்தான். பொங்கல் அன்று நானே கலைத்ததாகச் சொன்னது பொய். சம்பத், வீட்டு எண் 2-சி.'

இன்னொரு தடவை படித்துவிட்டு அனுப்பினார்.

அவர் எதிர்பார்த்தது திட்டு. வந்தது வேறு. உங்களுக்குப் பெரிய மனசு சார் என்றார் ஒருவர். இந்தக் காலத்தில் யார் இப்படி ஒத்துக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. நாகம்மாவின் பெயரை ஒருவரும் எழுதவில்லை. செருப்பையும் அகல் விளக்கையும் சொன்னவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நிவேதிதா மட்டும், அந்த அக்காவிடம் நாம் எல்லாரும்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினாள். அதற்குப் பிறகு குழு அமைதியாகிவிட்டது. பாராட்டைப் படிக்கப் படிக்க சம்பத் கூனிக் குறுகிப்போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

செயலாளர் பதவியை அன்றே விட்டுவிட்டார். அடுத்த நாள் மற்ற இரண்டு அடுக்ககங்களுக்கும் நடந்தே போனார். முதலாவதில் இருந்த கோவிந்தராஜ் என்பவர், வேறு ஆள் போட்டாயிற்று சார், இதைப் பெரிசு பண்ண வேண்டாம் என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். இரண்டாவதில் முகமது ஆசிக் என்ற இளைஞர் செயலாளர். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் படத்தைத் தான் வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பியதாகவும், அம்பத்தூர் வரைக்கும் போயிருக்கும் என்றும், அங்கிருந்து எங்கே போயிற்று என்று தெரியாது என்றும் சொன்னார். யாரையும் விசாரிக்காமலே தான் வேலையை விட்டு நிறுத்தியதையும் சொன்னார். சம்பத் எழுதியதை அதே மூன்று குழுக்களுக்கும் ஆசிக் அவர் முன்னாலேயே அனுப்பினார். 

மூன்று நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து சம்பத்துக்கு ஒரு செய்தி வந்தது. 'பாத்தேன் சார். நாகம்மா.' மகளைத் தட்டச் சொல்லியிருப்பாள். அவ்வளவுதான் இருந்தது. செயற்குழு அவளைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட ஷோபனாவை அனுப்பியது. நாகம்மா தண்ணீர் கொடுத்து உபசரித்துவிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அந்தக் கேட்டுக்குள்ளே வாளியோடு நடந்துவர முடியாது என்றாளாம்.

நாலாவது தொட்டியை சம்பத் தொடவேயில்லை. நாள் தாண்டிப் பூவெடுத்து நின்றது. ஷோபனாதான் ஒருநாள் பிடுங்கி நறுக்கிப் பார்த்தாள். உள்ளே பஞ்சு போல நெட்டி விழுந்திருந்தது. புதிதாக வந்த துப்புரவுப் பெண் அதை வாரிப்போட வந்தபோது சம்பத் வேண்டாம் என்று தானே முறத்தை வாங்கி வாரினார். அந்தப் பெண்ணிடம் அவர் இதுவரை ஒரு வேலையும் சொன்னதில்லை. அவள் படி ஏறி வந்தால் ஒதுங்கி நிற்பார். ஏதோ கோபக்கார மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பங்குனியில் ஒருநாள் பூந்தமல்லியில் கண் டாக்டரைப் பார்ப்பதற்காக ஆவடி பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். காலை எட்டு மணிக் கூட்டம். நாலு ஆள் தள்ளி நீலக் கோட்டோடு நாகம்மா நின்றாள். கையில் சாப்பாட்டுப் பை. சென்னீர்குப்பத்துக்கும் அதே பஸ்தான். அவளும் அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல் தலையை லேசாக அசைத்தாள். அவரும் அசைத்தார்.

பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. நாகம்மா ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் கால்களுக்கு வழிவிட்டு உள்ளே நகர்ந்தாள். ஒரு மணி நேரம் அவளுக்குப் பக்கத்தில் நின்று வர வேண்டியிருக்கும். இடம் கிடைத்து அவர் உட்கார்ந்துவிட்டால், அவள் நிற்க வேண்டியிருக்கும். சம்பத் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் ஏறுங்க பெரியவரே என்றார். அடுத்ததில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் திரும்பிப் போகும்வரை ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.